இளஞ்சிவப்பு மாட்டுத் திடல்

அத்தியாயம் 11

வேலியில் அந்த இடைவெளியை விட்டது மோர்வென்தான். அதை அவள் மறுக்கவில்லை. இருந்தும் சனிக்கிழமை காலை சமையலறை மேசையில் அப்பா அதைத் திரும்பச் சொல்ல வைத்தார்.

“யாரு விட்டது?”

“நான்தான்.”

“தெரிஞ்சா, தெரியாமலா?”

“மறந்துட்டேன்ப்பா. நாலு தரம் சொல்லியாச்சு.”

“அஞ்சாவது தரமும் சொல்லு. கேக்க நல்லாயிருக்கு.”

அப்பா எர்ஸ்கின் கின்னியர் தேநீர்க் கோப்பையைத் தட்டில் வைத்தார். வைத்த சத்தத்திலேயே கோபம் தெரிந்தது.

சென்ற வாரம் நடந்தது இதுதான். கின்னியர் குடும்பம் தன் வீட்டிலிருந்தே ஒரு கோல்ஃப் விளையாட்டை இணையத்தில் நடத்துகிறது. பால்கெரி ஊரின் கடலோர மைதானத்தைக் குழிக்குக் குழி, மேட்டுக்கு மேடு கணினிக்குள் கட்டியவள் மோர்வென். தொப்பி, கால்சட்டை விற்கும் கடையும் வரவு செலவும் அண்ணன் ருவாரியின் பொறுப்பு. அப்பாவின் பங்கு அவருடைய குரல். ஊர் மைதானத்தில் ஸ்டார்ட்டராக இருந்தவர் அவர். பந்து வைக்கும் முதல் மேடைக்குப் பக்கத்துக் குடிசையில் நின்றுகொண்டு, ஆட வருகிறவர்களைப் பேர் சொல்லி அழைப்பது ஸ்டார்ட்டரின் வேலை. ஓய்வு பெற்ற பிறகு அதே வேலையை விளையாட்டுக்குள் செய்கிறார்.

விளையாட்டின் விதிகளும் அவர் வகுத்தவைதான். ஒருவருக்கு வாரத்துக்கு ஒரே ஆட்டம். சனிக்கிழமை மாலை ஆறு மணிக்கு ஆரம்பம். பேர் கூப்பிட்டதும் மேடைக்கு வர வேண்டும், அடிக்க வேண்டும். மற்ற எல்லாரும் கிளப் ஜன்னல் என்ற அரட்டைத் திரையில் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பயிற்சி கிடையாது.

புதிய பதிப்பை வெளியிட்ட அன்று மோர்வென் ஒன்றை மூட மறந்துபோனாள். பந்து எப்படிப் பறக்கிறது என்று சோதித்துப் பார்க்க அவள் வைத்திருந்த ஒரு திடல், புல்வெட்டி நிறுத்தும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கிறது. அதற்குள் போய்வர வேலியில் ஒரு ஆள் நுழையும் அளவுக்கு வழி விட்டிருந்தாள். திடலுக்கு அவள் நிறம்கூடக் கொடுக்கவில்லை. தரை முழுக்க இளஞ்சிவப்பு. அளவு பார்க்க நடுவில் நிறுத்திய மாடும் இளஞ்சிவப்பு.

யாரோ ஒருவர் உள்ளே நுழைந்து மாட்டைக் கண்டார். மறுநாள் திடலில் நிற்க இடமில்லை.

“இன்னைக்கு ஆறு மணிக்குள்ள அந்த வழி அடைபடணும்,” என்றார் அப்பா.

“அடைக்கப் போறதில்லப்பா.”

அவளுக்கே தன் குரல் அந்நியமாக இருந்தது. படுக்கையில் புரண்டு புரண்டு ஒத்திகை பார்த்த வாக்கியம் அது. ஒத்திகையில் அதற்குப் பின்னால் மூன்று காரணங்கள் வந்தன. இப்போது ஒன்றும் வரவில்லை.

“என்ன சொன்ன?”

“அது இருக்கட்டும்னேன். திடலாவே இருக்கட்டும். எல்லாருக்கும்.”

எர்ஸ்கின் ருவாரியைப் பார்த்தார். ருவாரி ஃபார்ஃபர் ப்ரைடியைக் கடித்துக்கொண்டிருந்தான். இறைச்சி வைத்துச் சுட்ட அந்த ரொட்டியின் துகள் அவன் சட்டை முழுக்க உதிர்ந்திருந்தது.

“எனக்கு ஒரு யோசனை இருக்கு. நீங்க ரெண்டு பேரும் கத்தி முடிச்சதும் சொல்றேன்,” என்றான்.

“யாரு கத்தறா?” என்று கத்தினார் அப்பா.

பிறகு குரலைத் தாழ்த்தினார். உண்மையிலேயே கோபம் வந்தால்தான் அவர் குரல் தாழும்.

“இங்க பாரு பொண்ணே. பெர்த்ல ஒருத்தி பஸ் ஓட்டறா. அவளுக்கு வாரத்துல ஒரு மணி நேரம்தான் ஓய்வு. இன்னொரு பக்கம் ஒரு பய, வேலைவெட்டி இல்லாம பகல் பூரா கம்ப்யூட்டர் முன்னாடி உக்காந்திருக்கான். இன்னைக்கு ரெண்டு பேருக்கும் ஒரே ஆட்டம், ஒரே காத்து, ஒரே முதல் அடி. அவ அவனை ஜெயிக்கலாம், ஜெயிச்சிருக்கா. நீ திடல் வச்சேன்னு வை, அந்தப் பய வாரம் பூரா அங்கயே கிடப்பான். அதுக்கப்புறம் அவ ஜெயிப்பாளா?”

அவர் சொன்னது சரி. வாரம் முழுக்க மோர்வெனை உறுத்திய கேள்வியும் அதுதான்.

ஆனால் உறுத்தலோடு அவள் சும்மா இருக்கவில்லை. திடலில் யார் யார் நிற்கிறார்கள், எவ்வளவு நேரம் நிற்கிறார்கள் என்று ஒவ்வொரு நாளும் உட்கார்ந்து பார்த்தாள். கெட்டிக்கார ஆட்டக்காரர்கள் வந்தார்கள், மாட்டைப் பார்த்துச் சிரித்தார்கள், போய்விட்டார்கள். திரும்பவே இல்லை. தங்கிக் கிடந்தவர்கள் வேறு ரகம். சேர்ந்த முதல் வாரமே முதல் மேடையில் பந்தை ஓடைக்குள் போட்டு, ஜன்னலில் எழுந்த சிரிப்பைக் கேட்டு, விளையாட்டை விட்டே ஓடியவர்கள். ஓடியவர்கள் திரும்பி வந்திருந்தார்கள்.

“அங்க பந்து எது மேல இருக்கு, தெரியுமாப்பா?” என்றாள்.

“எது மேல?”

“பாய் மேல.”

பால்கெரியில் குளிர்காலம் வந்தால் புல் கெடாமலிருக்க ஆளுக்கொரு சின்னப் பாயைக் கையோடு கொண்டுபோக வேண்டும். பந்து எங்கே விழுந்தாலும் அதைப் பாய்மேல் எடுத்து வைத்துத்தான் அடிக்கலாம். எர்ஸ்கினுக்கு அந்தப் பாயைக் கண்டாலே ஆகாது.

“பாயா?” அவர் மூக்கைச் சுளித்தார். “பாய் மேல அடிச்சுப் பழகினவன் புல்லுக்கு வந்தா அழுவான். பாய் பொய் சொல்லும். மோசமா அடிச்சாலும் நல்லா அடிச்சேன்னு சொல்லும்.”

“காத்தும் கிடையாதுப்பா. மேடு பள்ளம் கிடையாது. குழியே கிடையாது.”

“அப்ப அது எதுக்குமே உதவாது!”

“உதவாதுல்ல?” என்றாள் மோர்வென். “அப்புறம் அந்தப் பய அங்க கிடந்து பஸ்காரம்மாவை எப்படி ஜெயிப்பான்?”

ருவாரிக்குப் புரையேறியது. அப்பா ஜன்னல் பக்கம் திரும்பினார். கடலிலிருந்து மூடுபனி இறங்கி, எதிர்வீட்டுக் கூரை பாதி காணாமல் போயிருந்தது.

“உதவாததை எதுக்கு வச்சிருக்க?”

“பயம் தெளியறதுக்கு.”

“பயம்தான் ஆட்டமே!” என்றார் அவர். “நானே பாத்திருக்கேன். பெரிய பெரிய ஆளுங்க, வக்கீலு, டாக்டரு, பேர் கூப்பிட்டதும் முழங்கால் ஆடும். ஆடிக்கிட்டே வருவாங்க, அடிப்பாங்க. பந்து எங்க போனாலும் பின்னாடியே நடப்பாங்க. அந்த நடைக்குப் பேர்தான் கோல்ஃப். முன்கூட்டி வந்து பந்தடிச்சுப் பாக்கறவன், கல்யாண வீட்டுல சொல்ல வேண்டிய ஜோக்கைக் கண்ணாடி முன்னாடி சொல்லிப் பாக்கறவன் மாதிரி.”

“சொல்லிப் பாத்தா என்ன தப்பு? கூச்சப்படறவன் பின்ன எப்படித்தான் ஜோக் சொல்லுவான்?”

“சொல்லாம இருக்கட்டும்!”

“அதான் பிரச்சினை. அவங்க சொல்லாமலே போயிடறாங்க. உங்களுக்குப் பயம் ஆட்டம். அவங்களுக்கு அது வாசல்ல கட்டிப்போட்ட நாய். வீட்டுக்குள்ளயே வர முடியல.”

எர்ஸ்கின் எழுந்தார். நாற்காலியை ஒழுங்காக உள்ளே தள்ளினார். எவ்வளவு கோபம் வந்தாலும் நாற்காலியைத் தள்ளாமல் போக அவருக்குத் தெரியாது.

“ஆறு மணிக்கு அந்த வழி திறந்திருந்தா, என் குரல் அங்க இருக்காது.”

“அப்பா...”

“பேர் கூப்பிட மாட்டேன். வேற ஆளைப் பாத்துக்கோ.”

மாடிப்படி ஏறும் சத்தம் கேட்டது. பிறகு கதவு சாத்தும் சத்தம்.

மோர்வென் மேசைமேல் கையை விரித்து வைத்து அதையே பார்த்தாள். தான் பிடிவாதக்காரி இல்லை என்றுதான் அவள் இருபத்தாறு வயது வரை நம்பியிருந்தாள்.

“இப்ப என் யோசனையைச் சொல்லலாமா?” என்றான் ருவாரி.

“சொல்லு.”

“திடல் இருக்கட்டும். வழியில ஒரு கேட் போடறோம். ஒரு வாளிப் பந்து, ஒரு பவுண்டு. அப்பாவுக்கும் நிம்மதி. காசு குடுத்து எவனும் நாள் பூரா அடிக்க மாட்டான். உனக்கும் நிம்மதி, திடல் பொழைக்கும்.”

“முடியாது.”

“கொஞ்சம் யோசிச்சிட்டுச் சொல்லேன்!”

“யோசிச்சாச்சு. தொப்பிக்குக் காசு வாங்கு, தப்பில்ல. மூணு கலர்ல கால்சட்டை விக்கறே, அதையும் வித்துக்கோ. சிரிச்சிடுவாங்களோன்னு பயந்து ஒளிய வர்றவங்ககிட்ட நுழையக் காசு கேக்காதே.”

“பிரமாதம். ராப்பகலா திடல்ல ஆள் நிக்குதே, அந்த சர்வருக்குக் காசு யாரு தர்றது? அந்த மாடா?”

“வேற வழி பாப்போம்.”

“நீ வேற வழி பாரு. கடை என்னுது,” என்றான் அவன் எழுந்தபடி. “கடை எங்க வைக்கணும், எங்க கேட் போடணும்னு உங்கிட்டயும் கேக்க மாட்டேன், அவர்கிட்டயும் கேக்க மாட்டேன். இந்த வீட்டுல ரெண்டு பேர்தான் முறைச்சுக்கலாம்னு சட்டமா?”

அவன் ப்ரைடியின் மீதியை அவள் தட்டில் வைத்துவிட்டுத் தன் அறைக்குப் போனான்.

மத்தியானம் முழுக்க மோர்வென் வேலை செய்வதுபோல் உட்கார்ந்திருந்தாள். வழியை அடைக்க வேண்டிய கட்டளை ஒரே வரி. அதை எழுதினாள். அழித்தாள். தான் சொல்வது சரிதானா, அல்லது தன் தவறைத் தானே நியாயப்படுத்துகிறாளா என்று ஒரு காகிதத்தில் இரண்டு பக்கமாகப் பிரித்து எழுதப் பார்த்தாள். இரண்டு பக்கமும் சமமாக வந்தன. காகிதத்தைக் கசக்கிப் போட்டாள்.

ஐந்து மணிக்குத் திடலுக்குள் போய்ப் பார்த்தாள். வரிசையாக நின்று அடித்துக்கொண்டிருந்தார்கள். மாட்டின் முதுகில் பந்து பட்டால் எல்லாரும் கைதட்டினார்கள். அரட்டைப் பெட்டியில் நெட்டா பிளெயிர் என்ற பெயர் எழுதியிருந்தது: “இன்னைக்குத்தான் முதல் தடவையா பேர் குடுத்திருக்கேன். ஷெட்லாண்டுல படகுத்துறை வேலை. ஆறு மணி வரைக்கும் இங்கயே நிக்கிறேன். யாரும் பேசாதீங்க, சிரிச்சிடுவாங்களோன்னு பயமா இருக்கு.”

கீழே ஒருவர் பதில் போட்டிருந்தார்: “மாட்டைப் பாரு, அது யாரையும் பாத்து சிரிக்காது.”

மோர்வென் அந்த ஒரு வரிக் கட்டளையைக் கடைசியாக அழித்தாள். அதன்பிறகு எழுதவில்லை.

ஆறு அடிக்கச் சில நிமிடங்கள் இருக்கும்போது படிக்கட்டுக்குக் கீழே இருக்கும் கோட்டு அலமாரியைத் திறந்தாள். சத்தம் எதிரொலிக்காமல் இருக்க அப்பா அங்கேதான் உட்கார்ந்து பேர் கூப்பிடுவார். ஸ்டூல் இருந்தது. மைக் இருந்தது. திரையில் பேர்கள் வந்துகொண்டிருந்தன. அப்பா இல்லை.

கொஞ்ச நேரம் காத்திருந்தாள். மாடியில் பலகை கிறீச்சிட்டது. அவர் இறங்கி வரவில்லை.

அவள் ஸ்டூலில் உட்கார்ந்தாள். ஈரக் கம்பளி வாசம் அடித்தது. மைக்கைத் திறந்தாள்.

“டூகல்... டூகல் மெக்ரே, இன்வெர்னெஸ்.”

குரல் பாதியில் உடைந்தது. கிளப் ஜன்னலில் அரட்டை பொங்கியது.

“யாருப்பா இது?”

“ஸ்டார்ட்டர் தொண்டையில தவளை.”

“எர்ஸ்கினுக்கு உடம்பு சரியில்லையா? பூ அனுப்பணுமா?”

“பூ அவருக்கு வேணாம், இந்தப் பொண்ணுக்கு அனுப்பு.”

காது மடல் சூடாகியது. எழுந்து ஓடிவிடலாம் என்று கால் சொன்னது. காலையில் மற்றவர்களுக்காக வாதாடிய பயம் இதுதானா என்று அவளுக்குத் தோன்றியது. இவ்வளவு பெரியது என்று தெரியாமலே வாதாடியிருக்கிறாள்.

மைக்கைக் கிட்டே இழுத்தாள்.

“எர்ஸ்கின் நல்லாத்தான் இருக்கார். இன்னைக்கு அவர் பேர் கூப்பிடல. நான் அவர் பொண்ணு, மோர்வென். வேலியில வழி விட்டது நான்தான். அது திறந்தேதான் இருக்கும். புடிக்காதவங்க எனக்கு எழுதுங்க, அவருக்கு எழுதாதீங்க. அடுத்து, ஈனா கார்னகி, டண்டீ.”

அரட்டையில் யாரோ எழுதினார்: “அப்பன் தொண்டை இல்லேன்னாலும் அப்பன் திமிரு அப்படியே இருக்கு.”

பேர்கள் ஓடின. குரல் மெல்ல மெல்லச் சீரானது. பேர், ஊர், அவ்வளவுதான். அப்பாவின் முறை அதுதான். வாழ்த்தோ பாராட்டோ சேர்க்கக் கூடாது.

“நெட்டா பிளெயிர், ஷெட்லாண்டு.”

மேடையில் ஒரு உருவம் வந்து நின்றது. வெகுநேரம் நின்றது. ஜன்னலில் யாரோ “தூங்கிட்டாங்களா?” என்று எழுதினார். நெட்டா அடித்தாள். பந்து உயரவே இல்லை. தரையோடு தரையாக உருண்டு, ஓடையின் குறுக்கே இருந்த கல்பாலத்தில் ஏறி, அந்தப் பக்கம் புல்லில் போய் நின்றது. சிரிப்பு வந்தது, கூடவே கைதட்டலும். நெட்டா ஓடவில்லை. பந்துக்குப் பின்னால் நடந்தாள்.

மோர்வென் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுத்த பேரைப் பார்த்தாள். மறுபடி பார்த்தாள்.

விளையாட்டு தொடங்கிய நாளிலிருந்து இந்தப் பேர் பட்டியலில் வந்ததே இல்லை. குரல் கொடுத்தாரே தவிர அவர் ஒருநாளும் ஆடியதில்லை. மாடியில் அம்மாவின் பழைய கம்ப்யூட்டர் இருக்கிறது. அம்மா அபர்டீனில் உள்ள தன் தங்கை வீட்டுக்குப் போய் இந்த வாரம் முழுக்க வீட்டில் இல்லை.

மாடிப் பலகை ஏன் கிறீச்சிட்டது என்று இப்போது புரிந்தது.

“எர்ஸ்கின் கின்னியர்,” என்றாள். மூச்சை இழுத்தாள். “பால்கெரி.”

ஜன்னல் வெடித்தது. யார் எழுதுவதும் படிக்க முடியாத வேகத்தில் ஓடியது. மேடையில் வந்து நின்ற உருவத்துக்குத் தொப்பிகூட இல்லை. கடையில் எதுவும் வாங்காதவர்களுக்குத் தரும் சாம்பல் சட்டை. மட்டையை எப்படி உயர்த்துவது என்று தெரியாமல் இரண்டு தரம் சுற்றிச் சுற்றித் திரும்பியது. கடலுக்கு முதுகைக் காட்டி நின்றது. சரியான திசைக்கு வந்தது.

அடித்தது.

பந்து நேராக ஓடைக்குள் விழுந்தது. தண்ணீர் தெறித்த சத்தத்தை மோர்வென்தான் போன மாதம் பதிவு செய்தாள். அது இவ்வளவு தெளிவாகக் கேட்டிருக்க வேண்டாம்.

சிரிப்பு என்றால் அப்படி ஒரு சிரிப்பு. “மாட்டைப் பாத்துட்டு வந்திருக்கலாமே ஐயா!” என்று ஒருவர் எழுதினார். அதற்கு எண்ண முடியாத கைதட்டல்.

மாடியிலிருந்து அவர் குரல் இடி மாதிரி இறங்கியது. மைக் தேவையே இல்லை.

“மோர்வென்! பாத்தியா?”

“பாத்தேன்!”

“எல்லாரும் சிரிச்சாங்களா?”

“சிரிச்சாங்க!”

“நான் செத்தா போயிட்டேன்?”

காகிதத்தில் எழுதிப் பார்த்த எந்தப் பக்கத்திலும் இந்தக் காரணம் இருக்கவில்லை.

“நீங்க சாக மாட்டீங்கப்பா!” என்று அலமாரிக் கதவைத் தள்ளிக் கத்தினாள். “ஊரே உங்க முன்னாடி கைகட்டி நின்னுச்சு! நெட்டாவும் நீங்களும் ஒண்ணா? அடுத்த வாரம் திடலுக்கு வாங்க, மட்டை பிடிக்கக் கத்துத் தரேன்!”

“நான் அந்தப் பக்கம் தலை வச்சுப் படுக்க மாட்டேன்! உன் மாட்டை நீயே மேய்ச்சுக்கோ! எனக்காகப் பாவம் பாத்து வழியை அடைச்சே, தொலைச்சிடுவேன்!”

“அடைக்கறேன்னு யாரு சொன்னா?”

“சொல்லாதே!”

மைக் திறந்தே இருந்தது. ஜன்னலில் இருந்தவர்கள் அதை வெகுவாக ரசித்துக்கொண்டிருந்தார்கள். அதற்கு நடுவே வேறு விதமாக ஒரு வரி வந்தது.

“ஸ்டார்ட்டர், திடல் வழியில இது என்ன கேட்?”

பிறகு இன்னொன்று. “ஒரு வாளி ஒரு பவுண்டாம். இப்பதான் முளைச்சிருக்கு. உள்ள இருந்த எங்களை வெளிய தள்ளிடுச்சு.”

“திறந்தேதான் இருக்கும்னு சொன்னியே பொண்ணே?”

மோர்வென் திரையை மாற்றினாள். இளஞ்சிவப்புத் தரைக்கு முன்னால், கடையின் பச்சை நிறத்தில், பூட்டோடு ஒரு கேட் நின்றது. சற்றுமுன் அவள் கொடுத்த வாக்கு எத்தனை பேர் காதில் விழுந்திருக்கும் என்று நினைத்ததும் உடம்பு கொதித்தது.

நிமிர்ந்தால் அலமாரி வாசலில் ருவாரி நிற்கிறான். முகத்தில் ஒளிவுமறைவு ஒன்றுமில்லை.

“நான்தான்,” என்றான். “காலையிலயே சொன்னேன்.”

“எடுத்துடு.”

“மாட்டேன்.”

“அப்பா!” அவன் முகத்தைப் பார்த்தபடியே அவள் மாடியை நோக்கிக் குரல் கொடுத்தாள். “ருவாரி திடலுக்குக் கேட் போட்டு டிக்கெட் விக்கிறான்!”

மேலிருந்து, மிகத் தாழ்ந்த குரலில்:

“டிக்கெட்டா? பால்கெரியில கோல்ஃப் அடிக்க டிக்கெட்டா?”

“திடல் வேணாம்னு சொன்னவர்தானே நீங்க!” என்றான் ருவாரி.

“வேணாம்னுதான் சொன்னேன்! விக்கச் சொன்னேனா?”

ருவாரி சிரித்துக்கொண்டே கதவு நிலையில் சாய்ந்தான். “நல்லது. ரெண்டு பேரும் சேந்து என்ன பண்ணிடுவீங்கன்னு நானும் பாக்கறேன்.”

ரெண்டு பேரும் சேர்ந்து. ஒரு வாரமாக அந்த வீட்டில் யாரும் அவளையும் அப்பாவையும் அப்படிச் சேர்த்துச் சொன்னதில்லை.

மாடியில் விசையைத் தட்டும் சத்தம். திரையில் ஓடைத் தண்ணீர் சிதறியது. பந்து சேற்றோடு எழும்பி, பத்தடி தள்ளிக் கரையில் விழுந்தது.

“மோர்வென்! எனக்கு இந்தக் குழியும் முடியல, இன்னும் பதினேழு பாக்கி கிடக்கு!” என்றார் எர்ஸ்கின். “பாதியில எந்திரிச்சு வர முடியாது. நான் முடிக்கற வரைக்கும் அந்தப் பயலை அங்கிருந்து நகர விடாதே!”

மோர்வென் ஸ்டூலைக் காலால் இழுத்து அவன் போகும் வழிக்குக் குறுக்கே போட்டாள். ருவாரியின் முழங்காலுக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டாள். மைக்கை வாய்க்கு நேராகத் திருப்பினாள்.

“கேட்டை நாங்க உடைச்சிடுவோம், அதுவரைக்கும் யாரும் காசு குடுக்காதீங்க,” என்றாள் எல்லாருக்கும் கேட்கும்படி. “அடுத்து, லாக்லன் பெத்யூன், பெர்த்.”